ஏப்ரல் மாதத்துப் பனி

ஸ்காட்லாந்தின் டால்வின்னி ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ஜாக்கெட்டைக் கழற்றி சைக்கிள் கேரியரில் கட்டியதுதான். ஏப்ரல் கடைசி வாரம். வெயில் பளிச்சென்று இருந்தது. வழியெல்லாம் வயல்களில் பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள். தூரத்து மலைகளில் மட்டும் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள், சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுப்போன சுவர் மாதிரி. "இவ்வளவுதானா பனி?" என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. இரண்டு பனிக்கோடரிகளையும் பையின் பக்கவாட்டில் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். கிளாஸ்கோவில் முப்பது வருடம். முழங்கால் வலிக்காக நடக்க ஆரம்பித்து மலைப் பைத்தியமானவர். நான் மதுரையிலிருந்து வந்து நான்கு வருடம். கோடையில் பதினைந்து இருபது மலை ஏறியிருந்தேன். பனியில் அவரோடு மூன்றே முறை. அந்த மூன்று முறையும் காரிலிருந்து இறங்கி ஏறி, மாலையில் வீடு திரும்பிவிடக்கூடிய மலைகள். இந்த முறை நாங்கள் ஏறப்போகும் பென் ஆல்டர் அப்படி இல்லை.

ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேல் உள்ள மலைகளை மன்ரோ என்பார்கள். 1891இல் சர் ஹ்யூ மன்ரோ வெளியிட்ட பட்டியலால் வந்த பெயர். இப்போதைய கணக்கில் 282. அவற்றில் பென் ஆல்டர் 1148 மீட்டர். உயரத்தை மட்டும் கேட்டால் நம் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொடைக்கானல் பேருந்து நிலையமே அதைவிட உயரம். ஆனால் அதன் அடிவாரத்துக்குப் பொதுச் சாலை கிடையாது. டால்வின்னியில் இறங்கி, எரிக்ட் என்ற நீண்ட ஏரியின் கரையோரமாகத் தனியார் எஸ்டேட்டின் மண்பாதையில் போய், அப்புறம் ஏரியை விட்டு மேட்டில் ஏறி, திறந்த வெளியைக் கடந்து கல்ரா என்ற இடத்துக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கிருந்துதான் மலையே தொடங்கும். 1746இல் கலோடன் போரில் தோற்ற ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், தன்னைத் தேடிய அரசுப் படைக்கு அகப்படாமல் ஒளிந்த இடங்களில் ஒன்று இந்த மலையின் சரிவில்தான் இருந்தது. ஒளிய நல்ல இடம்தான். காலை ஒடித்துக்கொண்டால் அதே வசதி வேறு மாதிரித் தெரியும்.

சைக்கிள் பெரிய உதவி. ஏரிக்கரைப் பாதை நல்ல சரளை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ரயிலில் சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்யவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கல்ராவில் வழிப்போக்கர் தங்கும் பழைய குடில் ஒன்று உண்டு. அஸ்பெஸ்டாஸ் இருப்பதால் மூடிவிட்டார்கள். ஆகவே கூடாரம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான திறந்தவெளிகளில் பொறுப்போடு நடக்கலாம், சிறு கூடாரம் போட்டுத் தங்கலாம். யாரிடமும் சீட்டு வாங்க வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே இந்த நாட்டின் மழையை மன்னித்துவிடலாம்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு நடந்ததைச் சொல்லவேண்டும். மலைகளுக்கென்றே தனி வானிலை அறிக்கை வருகிறது. ஊருக்குச் சொல்லும் அறிக்கையில் கிடைக்காத மூன்று விஷயங்கள் அதில் இருக்கும்: உச்சியில் காற்றின் வேகம், எந்த உயரத்துக்கு மேல் உறைநிலை, உச்சிகள் மேகத்துக்கு வெளியே இருக்க வாய்ப்பு எவ்வளவு. சனிக்கிழமைக்கு அது சொன்னது: காலை தெளிவு, நண்பகலில் மேற்கிலிருந்து மேகம் இறங்கும், இரவில் உறைபனி. பனிச்சரிவு அபாயத்துக்கு வேறொரு அறிக்கை உண்டு. குளிர்காலத்தில் ஆறு பகுதிகளுக்கு அன்றாடம் வரும். பென் ஆல்டர் அந்த ஆறில் இல்லை, பக்கத்தில் இருப்பது கிரேக் மெகி. அதைப் பார்க்கலாம் என்று போனால், அந்தப் பருவத்துக்கான அறிக்கைகளே முடிந்துவிட்டன. வழக்கமாக ஏப்ரல் நடுவில் நின்றுவிடும்.

அறிக்கை நின்றுவிட்டது என்றால் ஆபத்தும் முடிந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சொல்லுறதுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

ஏப்ரல் பனியைப் பற்றி அப்போது எனக்கு விளங்காதது இதுதான். கீழிருந்து பார்த்தால் தெரியும் வெள்ளைத் திட்டுகள் குளிர்காலத்தின் மிச்சம் மீதி அல்ல. குளிர்காலம் முழுக்க மேற்குக் காற்று மலையின் தட்டையான மேல்தளத்திலிருந்து பனியை வாரிக்கொண்டு வந்து வடக்கும் கிழக்கும் பார்த்த பள்ளங்களில் கொட்டுகிறது. அங்கே வெயிலும் சரியாக எட்டாது. அதனால் தெற்குச் சரிவு புல்லும் கல்லுமாகக் காய்ந்து கிடக்கும்போது, அதே மலையின் மறுபக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி இருக்கும். பகலில் மேல்பரப்பு இளகி, இரவில் உறைந்து, மறுநாள் இளகி, மறுபடி உறைந்து, காலை நேரத்தில் அது பனியாகவே இருக்காது. சிமென்ட். மதியத்துக்குப் பிறகு ஈரச் சர்க்கரை. எந்த நேரத்தில் அதன் மேல் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சரிவு இரண்டு சரிவுகள். ஆகவே இந்தப் பருவத்தில் முக்கியமான கருவி கடிகாரம்.

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பியது எட்டேகால். தவறு என்னுடையது. இரவு குளிரில் தூக்கம் வராமல் விடிகிற நேரத்தில் தூங்கிப்போனேன். எழுந்தபின் அடுப்பு பற்றவில்லை. பற்றியபின் ஓட்ஸ் கஞ்சி தீய்ந்தது. அப்புறம் சூரியன் வந்து மலை ரோஜா நிறத்தில் நின்றதும் படம் எடுக்கப் போய்விட்டேன். அண்ணன் பூட்ஸ் கட்டி, பை மாட்டி, ஒரு கல்லில் உட்கார்ந்து பேசாமல் பாணும் சீனிச் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கல்ராவிலிருந்து உச்சிக்கு ஆறு கிலோமீட்டருக்குள், ஏற்றம் 700 மீட்டர் போல. 1892இல் நெய்ஸ்மித் என்பவர் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி இரண்டரை மணி நேரத்தில் உச்சியில் இருக்கவேண்டும். பதினொன்றுக்கு முன்னால் போய்விடலாம், மேகம் நண்பகலில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நெய்ஸ்மித் கணக்கில் தொடையளவு பனி கிடையாது. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களான கிராம்பானை மாட்டத் தெரியாத ஆளும் கிடையாது.

வழியில் ஓர் ஓடை. பிர்ச் மரக் கணவாய் என்று பொருள்படும், எனக்குச் சொல்லவே வராத கேலிக் மொழிப் பெயருள்ள ஏரியிலிருந்து வருவது. காலையில் கல்லுக்குக் கல் தாண்டிப் போனோம். பூட்ஸ் அடிப்பாகம் மட்டும் நனைந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

நாங்கள் ஏறத் தேர்ந்த லாங் லெக்காஸ் என்பது வடகிழக்கே நீளும் ஒரு முகடு. கோடையில் கைகளும் உபயோகித்து ஏறுகிற சுலபமான பாறைவழி. கீழ்ப்பாதியில் பனி திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. பாறை, கொஞ்சம் பனி, மறுபடி பாறை. இந்த மாதிரி இடத்தில் கிராம்பானை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அண்ணன் ஓர் அகலமான இடத்தில் நின்று தன்னுடையதை மாட்டினார். "தம்பி, இஞ்சயே போட்டிட்டு ஏறும்" என்றார். மேலே இன்னும் பாறைதானே தெரிகிறது, தேவைப்படும்போது போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

தேவைப்பட்ட இடம், முகடு குறுகி நிமிரும் இடம். இருபது மீட்டர் நீளத்துக்கு நிழலில் கிடந்த பனி. முதல் ஐந்தாறு அடி பூட்ஸ் முனையால் உதைத்து ஏறிவிட்டேன். ஏழாவது உதையில் பூட்ஸ் உள்ளே போகவில்லை. டக் என்று ஒரு சத்தம், செங்கல் சுவரை உதைத்த மாதிரி. பூட்ஸ் முனையில் ஒரு விரல்கடை அளவு இடத்தில் நிற்கிறேன். மேலே போக முடியாது, கீழே இறங்க அடி தெரியாது. இடப்பக்கம் சரிவு நேராகப் பாறைகளில் போய் முடிகிறது. கிராம்பான் பைக்குள், சாப்பாட்டுக்கும் அடியில்.

கோடரி மேட்டுப்பக்கக் கையில் இருந்தது. அந்த ஒன்றாவது சரியாகச் செய்திருந்தேன். தண்டை முடிந்த மட்டும் பனிக்குள் குத்தி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கீழிருந்து வந்து எனக்கு ஒரு அடி கீழே நின்று, தன் கோடரியின் அகன்ற வாயால் கொத்தி ஒரு திண்ணை வெட்டினார். முறம் அளவுதான் இருக்கும். அதில் பக்கவாட்டில் ஒண்டி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கிராம்பானை எடுத்தேன். கையுறையோடு வாரைக் கோக்க முடியவில்லை. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. ஒரு காலுக்கு மாட்டியது பத்து நிமிடம். வீட்டுக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து நாற்பது விநாடியில் மாட்டிப் பழகியிருந்தேன். சோபா சரிந்திருக்காது.

எழுந்து நின்று முதல் அடி வைத்தபோது இரும்புப் பற்கள் கறுக்கென்று கடித்தன. அதே பனி, அதே சரிவு. மாடிப்படி ஏறுவதுபோல ஏறினேன். வெட்கமாக இருந்தது.

இங்கே சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பரில் சிறு முட்களோடு வரும் மைக்ரோஸ்பைக், ஐஸ் பிடித்த நடைபாதைக்கு நல்லது, மலைச்சரிவுக்கு ஆகாது. கிராம்பானுக்கு வளையாத பூட்ஸ் வேண்டும், சாதாரண நடைபூட்ஸில் மாட்டினால் நடக்க நடக்கக் கழன்றுவிடும். வாங்குமுன் அந்தந்த பூட்ஸில் மாட்டிப் பாருங்கள். பனிக்கோடரி கையில் இருப்பதும் அதை வைத்து வழுக்கலை நிறுத்தத் தெரிவதும் வேறு வேறு. கீழே பாறையோ பள்ளமோ இல்லாமல் சமதளமாக முடியும், பனி படிந்த ஒரு சரிவில், குப்புற, மல்லாக்க, தலைகீழாக என்று பத்து இருபது முறை விழுந்து பழகவேண்டும். அண்ணன் எனக்குக் குளிர்காலத்தில் அரைநாள் அதை மட்டும் செய்ய வைத்திருந்தார். அப்போது விளையாட்டாக இருந்தது. இன்னொன்று, நம்மவர்கள் சிரிப்பார்கள்: சன்ஸ்க்ரீன். மதுரை வெயிலில் வளர்ந்த தோலுக்கு ஸ்காட்லாந்து வெயில் எம்மாத்திரம் என்று பூசாமல் போனேன். பனியில் பட்டு வெளிச்சம் கீழிருந்து வருகிறது. மூன்றாம் நாள் நாடிக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் தோல் உரிந்தது.

பீடபூமியில் கால் வைத்தபோது மணி பன்னிரண்டரை. மேகமும் அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

பென் ஆல்டரின் உச்சி ஒரு கூம்பு இல்லை. பரந்த மேசை. முகட்டின் மேல்முனையிலிருந்து உச்சி தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அரைமணி நடை. பனித்தரையும் மேகமும் ஒன்றாகிவிட்டால் அது வேறு உலகம். மேல், கீழ் என்ற கணக்கே போய்விடுகிறது. நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது சாய்ந்துகொண்டிருந்தேன். நான் முன்னால், அண்ணன் பத்தடி பின்னால் காம்பஸோடு. "வலது... வலது... சரி" என்று அவர் குரல்தான் எனக்குத் திசை. அடிகளை எண்ணிக்கொண்டு போனேன். இடது கால் படும்போது மட்டும் எண்ணினால் சமதளத்தில் நூறு மீட்டருக்கு எனக்கு 64 வரும். அன்று 80க்கு மேல் வந்தது. முன்னால் தரை இருக்கிறதா என்று பார்க்கப் பனி உருண்டை பிடித்து எறிந்தேன். உருண்டை விழுந்து புள்ளியாகத் தெரிந்தால் தரை. காணாமல் போனால் நிற்கவேண்டும்.

கிழக்கு விளிம்பு முழுக்கப் பள்ளத்தாக்குப் பாறைகள். அதன் மேல் கார்னிஸ்: காற்று அடுக்கடுக்காகச் சேர்த்து, கூரை இறவாரம் மாதிரி வெளியே நீட்டி வைத்த பனி. மேலிருந்து பார்த்தால் தரைபோலவே இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. ஏப்ரலில் அது கனத்து, நனைந்து, உடைய நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். உடைவது விளிம்பில் மட்டும் அல்ல. பல மீட்டர் உள்ளே தள்ளியும் பிளக்கும். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். மேற்குக் காற்று என் வலது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் அடியிலும் அறியாமல் முகத்தைத் திருப்பி, இடப்பக்கமாக, கிழக்காக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தேன். கார்னிஸைக் கட்டிய அதே காற்று என்னையும் அதை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

"நில்லும்." அண்ணன் குரல் உயரவில்லை. "அசையாதேயும். இடது கால் பக்கம் பாரும்."

பூட்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி, பனியில் ஒரு கோடு. பென்சிலால் இழுத்த மாதிரி, லேசாக நீலம் பாய்ந்து, முன்னால் வெண்மைக்குள் போய் மறைந்தது. பழைய விரிசலா புதிதா, விளிம்பு அதற்கப்பால் மூன்று மீட்டரா முப்பதா, தெரியாது. வந்த அடித்தடத்திலேயே பின்னோக்கி வைத்து வைத்து, பதினைந்து அடி மேற்கே வந்தபின் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

மணி ஒன்று இருபது. எண்ணிக்கைப்படி உச்சிக்கு இன்னும் அறுநூறு மீட்டர். நான் போகலாம் என்றேன். மேற்கே தள்ளி நடந்தால் போதுமே. அண்ணன் உச்சியைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் திட்டம், உச்சியிலிருந்து தெற்கே கணவாய்க்கு இறங்கி ஏரிக்கரை வழியே திரும்புவது. கணவாய்க்கு இறங்கும் வழி இதே விளிம்பை ஒட்டித்தான் போகிறது. "உதுல இறங்கேலாது. அப்ப வந்த வழிதான். வந்த வழியில அந்த ஐஸ் மதியத்துக்குப் பிறகு என்ன மாதிரி இருக்குமெண்டு தெரியாது. இப்ப திரும்பினா வெளிச்சம் நிறைய கிடக்கு." மலை எங்கும் ஓடிப்போகாது, இன்னொரு நாள் வரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மலை ஓடாது, சரி. என் லீவு ஓடிவிடும். அதை அங்கே சொல்லவில்லை.

திரும்பும்போது கஷ்டம் வேறு. விரிந்த மேசையின் நடுவில் உச்சியைத் தேடுவதைவிட, அதன் ஓரத்தில் ஒரு குறுகிய முகட்டின் வாயைத் தேடுவது கடினம். எங்கள் அடித்தடங்களில் பாதியைக் காற்று மூடியிருந்தது. நல்லவேளை, பீடபூமியில் ஏறியதும் போனில் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். போன் உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில் இருந்ததால் பேட்டரி உயிரோடு இருந்தது. ஆனால் போன் காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தை. நிற்பது எதன் மேல் என்பதைக் காட்டாது.

காலையில் செங்கல்லாக இருந்த இருபது மீட்டர், இப்போது ஈர அவல் மாதிரி இருந்தது. மலையைப் பார்த்துக் குப்புற நின்று, ஓர் அடி, ஒரு குத்து என்று இறங்கினோம். ஈரப் பனி கிராம்பானுக்கு அடியில் உருண்டையாகச் சேர்ந்து, பற்களை மறைத்துவிடும். இரண்டு அடிக்கு ஒருமுறை கோடரித் தண்டால் பூட்ஸைத் தட்டவேண்டியிருந்தது. கீழே பாறைகளுக்கு நடுவில் பனி உள்ளே குழிந்து கிடந்தது தெரியாமல் தொடைவரை இறங்கினேன். அண்ணன் இரண்டு முறை. இளைத்த முழங்காலோடு அவர் தன்னை வெளியே இழுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்குத்தான் எட்டேகால் மணி ஞாபகம் வந்தது.

ஓடைக்கு வந்தபோது மாலை ஐந்தைத் தாண்டிவிட்டது. அது ஓடையே இல்லை இப்போது. காலையில் கால் வைத்த கற்களில் ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க உருகிய பனி எல்லாம் ஒன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. கூடாரம் அக்கரையில் பொட்டாகத் தெரிகிறது. ஒரே ஓட்டம்தான் என்று தோன்றும். முழங்காலுக்கு மேல் வேகமாகப் போகும் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் குளிரில் சாய்ந்தால் எழுவது சந்தேகம்.

அவசரப்படாமல் ஓடையோரமாக மேலே, ஏரிப் பக்கம் நடந்தோம். அரைமணி நேரத்துக்குப் பின் அது கற்பரப்பில் இரண்டு மூன்றாகப் பிரிந்து அகன்ற இடம் ஒன்று கிடைத்தது. அகலம் என்றால் ஆழம் குறைவு. பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டோம், விழுந்தால் பையை உதறிவிட. பூட்ஸோடுதான் இறங்கினோம், வெறுங்காலோடு அல்ல. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, தோளைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அக்கரையில் ஏறியபோது பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அந்த இடமும் கிடைக்காவிட்டால் என்ன செய்திருப்போம் என்று பிறகு கேட்டேன். விடியும்வரை உட்கார்ந்திருப்போம் என்றார். இரவு உறைபனியில் உருகுவது நின்றுபோகும், விடிகாலையில் மறுபடி அது ஓடையாகிவிடும். அதற்கென்றே இருவர் தலையோடு போர்த்தி உட்காரக்கூடிய நைலான் பை ஒன்று அவரிடம் எப்போதும் உண்டு.

கல்ராவில் போன் சிக்னல் இல்லை. கிளம்புமுன் எங்கள் வழி, மாற்றுவழி, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 999ஐக் கூப்பிட்டு போலீஸையும் அவர்கள் மூலம் மலை மீட்புக் குழுவையும் கேட்பது என்று எழுதி அண்ணியிடம் கொடுத்திருந்தோம். பிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாராம். 999க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே போனைப் பதிவு செய்திருக்கவேண்டும். பேச்சுக்குப் போதாத சிக்னலிலும் எழுத்து போய்விடக்கூடும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. அந்தக் குழுவில் வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கஞ்சி தீய்ந்து தாமதமானதற்காக அவர்களை எழுப்பவேண்டாம்.

இரவு பூட்ஸைக் கூடாரத்துக்கு வெளியே விட்டேன். காலையில் இரண்டும் பலகை மாதிரி உறைந்து நின்றன. (படுக்கைப் பைக்குள், ஒரு உறையில் சுற்றி, கால்மாட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். அண்ணன் வைத்திருந்தார்.) விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முழு மலையும், லாங் லெக்காஸின் ஒவ்வொரு பல்லும், விளிம்பு முழுக்க வளைந்து தொங்கிய கார்னிஸும், அதற்கு மேலே தட்டையான உச்சியும், கழுவித் துடைத்து வைத்ததுபோலத் தெரிந்தன. காற்றுகூட இல்லை. எங்களுக்கு மதியம் டால்வின்னியில் ரயில்.

அண்ணன் வாயில் பல்தூரிகையோடு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு ஏறியிருக்கலாம், என்ன?" என்றார்.

நான் பூட்ஸை மடியில் வைத்து நாக்கைத் திறக்க முயன்றுகொண்டிருந்தேன். மணி ஐந்தே முக்கால்.